இரண்டாம் டிகாக்‌ஷன் யாருக்கு?

சந்தை ஆய்வு என்றவுடன் நம் ஊரில் பெரும்பாலோர் மனத்தில் எழுவது, வீட்டுக் கதவைத் தட்டி, ‘மிகவும் பிடிக்கும்’ என்பதிலிருந்து ‘சுத்தமாகப் பிடிக்காது’ என்பது வரை ஐந்து கட்டங்கள் போட்ட தாளை நீட்டும் ஓர் இளைஞரின் உருவந்தான். அந்தத் தாளுக்கும் உரிய வேலை உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்துதான் நானும் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்பதே இன்னும் பிடிபடாத நிலையில் அதனால் ஒரு பயனும் இல்லை. சேலத்தில் சில தலைமுறைகளாகக் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் ஒரு குடும்பத்தினர், தயார் டிகாக்‌ஷனைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து விற்கலாமா என்று யோசித்து என்னை அழைத்தபோது, விஷயம் அந்த நிலையில்தான் இருந்தது. கடைக்கு வந்தவர்களிடம் அவர்களே வாய்மொழியாகக் கேட்டிருந்தார்கள். எல்லோரும் நல்ல யோசனை என்று சொல்லியிருந்தார்கள். முதல் தவணைப் பாட்டில்களோ அலமாரியில் அப்படியே நின்றன. “நல்லா இருக்குன்னு சொன்னவங்களே வாங்கலீங்க மேடம்” என்றார் கடைக்காரர். அவர் குரலில் இருந்தது வியப்பை விட மனத்தாங்கல்தான்.

பாட்டில் ஏன் விற்கவில்லை என்று நேராகக் கேட்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். அப்படிக் கேட்டால் “எங்களுக்கு ஃபில்டர் காபிதாங்க பழக்கம்” என்ற பதில் வரும். அதில் பொய் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது.

குழு உரையாடலிலிருந்து தொடங்கினோம். ஒரு பொருளைப் பற்றி எட்டுப் பேரை உட்கார வைத்துப் பேசவிடும் இந்த முறைக்குச் சுவையான ஒரு பின்னணி உண்டு. 1941 நவம்பரில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட், இரவு விருந்துக்கு வந்த தம் சக பேராசிரியர் ராபர்ட் மெர்ட்டனை, வானொலி நிகழ்ச்சி ஒன்றை நேயர்கள் எப்படி ஏற்கிறார்கள் என்று சோதிக்கும் இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். நிகழ்ச்சி பிடித்தால் பச்சைப் பொத்தான், பிடிக்காவிட்டால் சிவப்புப் பொத்தான். பிறகு நேயர்களிடம் காரணம் கேட்டவர், பதிலைத் தாமே எடுத்துக்கொடுப்பது போல மெர்ட்டனுக்குப் பட்டது. பொத்தான் எந்த நொடியில் அழுத்தப்பட்டது என்பது பதிவாகிவிடுகிறது. அந்த நொடியில் அந்த ஆளுக்குள் என்ன நடந்தது என்பதை வழிகாட்டாமல் கேட்டு வாங்க வேண்டும். 1946-இல் பேட்ரிசியா கெண்டலுடன் சேர்ந்து மெர்ட்டன் எழுதிய கட்டுரையிலிருந்துதான், குழு உரையாடலுக்கு முன்னோடியான குவிமைய நேர்காணல் என்ற முறை பரவலாக அறியப்பட்டது. விளம்பர நிறுவனங்கள் பின்னாளில் அதை எடுத்தாண்ட விதத்துக்கும் தாம் செய்ததற்கும் உள்ள வேறுபாடுகளை 1987-இல் மெர்ட்டனே விரிவாக எழுதினார்.

நம் ஊரில் இந்த முறைக்கு இருக்கும் இடர் வேறு வகையானது. அழகாபுரத்தில் ஒரே தெருப் பெண்களைக் கூட்டினால், அவர்கள் என்னிடம் பேசமாட்டார்கள். பக்கத்தில் இருப்பவரிடந்தான் பேசுவார்கள். வங்கி மேலாளரின் மனைவி முதலில் வாயைத் திறந்து “நாங்க சிக்கரியே சேக்கறதில்ல, ப்யூர்தான்” என்று சொல்லிவிட்டால், அதன்பின் அந்த அறையில் சிக்கரிக்கு வாழ்வில்லை. எங்கள் முதல் குழுவில் ஏறத்தாழ இதுவேதான் நடந்தது. ஒருவர் மட்டும், மாமியாருக்குப் பிடிக்கும் என்பதால் “கொஞ்சூண்டு” சேர்ப்பதாகச் சொன்னார். அதையும் மாமியார் தலையில் போட்டுத்தான் சொன்னார். அடுத்த குழுக்களுக்கு அம்மாப்பேட்டை, குகை, அஸ்தம்பட்டி என்று வெவ்வேறு பகுதிகளிலிருந்து ஒருவரையொருவர் அறியாதவர்களை அழைத்தோம். பேசுவதற்கு முன் ஒரு சிறு தாளில் தம் வீட்டுக் கலவையை எழுதி மடித்து வைக்கச் சொன்னோம். தாளில் சிக்கரி தாராளமாக வந்தது. பேச்சில் அப்போதும் வரவில்லை. குழு உரையாடலை நான் குறைகூறவில்லை. பிறர் முன்னிலையில் எதைச் சொல்லத் தயங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல கருவி கிடையாது. வீட்டில் என்ன நடக்கிறது என்பதற்கு அதையே சாட்சியாக ஏற்கும்போதுதான் சிக்கல்.

அதன்பின் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள அவர்கள் கடையில் போய் நின்றேன். உற்றுநோக்கல் என்பது சும்மா நின்று வேடிக்கை பார்ப்பது போலத் தோன்றும். எதைக் குறித்துக்கொள்வது என்று முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் அது உண்மையிலேயே வேடிக்கையாகத்தான் முடியும். வருபவர் முதலில் எடையைச் சொல்கிறாரா, கலவையைச் சொல்கிறாரா, ‘வழக்கம்போல’ என்று முடித்துக்கொள்கிறாரா. அரைக்கும் நேரத்தில் கண் எங்கே இருக்கிறது. பொட்டலத்தை வாங்கியதும் மூக்கருகே கொண்டுபோகிறாரா, பையில் போடுகிறாரா. பணம் கொடுப்பவரும் சொல்பவரும் ஒருவர்தானா. என் தாளில் இருந்தவை இவ்வளவுதான். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் கடைவாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் தம் கைப்பேசியைக் கடைக்காரரின் காதருகே நீட்டினார். மறுமுனையில் ஒரு பெண், “அண்ணா, போன தடவ போட்ட மாதிரியே எழுபதுக்கு முப்பது போடுங்க. ஆனா அவ்ளோ நைசா வேண்டாம், இறங்கவே மாட்டேங்குது” என்றார். பேச்சு நடந்து முடியும்வரை, வாங்க வந்தவரின் கவனம் முழுவதும் வண்டிமேல்தான் இருந்தது. அவரை நிறுத்தி ஐந்து கட்டத் தாளை நீட்டியிருந்தால் மிகுந்த பணிவோடு நிரப்பிக் கொடுத்திருப்பார்; அந்தத் தாள் எதற்கும் உதவியிருக்காது. வாங்குபவர், முடிவு செய்பவர், குடிப்பவர் என்ற மூவரும் வேறு வேறு ஆட்கள் என்பதைப் பாடநூல்கள் ஒரு வரியில் சொல்லிவிடுகின்றன; கடையில் அது கைப்பேசி உருவில் கண்முன் நின்றது.

பாட்டில் விற்காததற்கான முதல் காரணமும் அங்கேதான் தட்டுப்பட்டது. அரவை முடியும்வரை காத்திருப்பவர்கள் எல்லோரும் இயந்திரத்தைப் பார்த்தபடியே நிற்கிறார்கள். அலமாரி அவர்களுடைய முதுகுப் பக்கம் இருக்கிறது. அலமாரியை இடம் மாற்றினால் மட்டும் தீர்ந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. புதிதாக அரைபடும் தூளின் மணம் தெருவரை வந்து ஆளை இழுக்கும் ஒரு கடையில், மணத்தையெல்லாம் உள்ளே பூட்டிக்கொண்ட பாட்டில் எதைக் காட்டி ஆளைக் கூப்பிட முடியும்? கடைகளில் மக்கள் நடப்பதைப் பின்தொடர்ந்து பதிவு செய்வதையே தொழிலாக்கிய அமெரிக்கர் பாக்கோ அண்டர்ஹில், நியூயார்க் அங்காடி ஒன்றின் வாசலருகே இருந்த கழுத்துப்பட்டி அடுக்கில் விற்பனை குறைந்ததற்குக் காரணம், பின்னால் போவோர் வருவோர் இடித்துக்கொண்டே இருந்ததுதான் என்று கண்டறிந்தார். செவ்வாய்ப்பேட்டையில் இடி வாங்காமல் எந்தக் கடையிலும் எதையும் வாங்க முடியாது. ஒருவரும் அதற்காகத் திரும்பிப் போவதில்லை. பிற நாட்டுக் கண்டுபிடிப்புகளைப் படிக்கலாம், ஆனால் இங்கே பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

இப்போது கையில் ஒரு முரண்பாடு இருந்தது. குழுக்களில் எல்லோரும் ‘ப்யூர்’. கடையிலோ காபியும் சிக்கரியும் எண்பதுக்கு இருபதும் எழுபதுக்கு முப்பதுமாகவே பொட்டலங்கள் போயின. கலவைத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. அந்த எல்லைக்குப் பக்கத்தில் வாங்குபவர்களும் இருந்தார்கள். இத்தகைய இடைவெளி ஆய்வுலகில் புதிதன்று. அரிசோனா பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர் வில்லியம் ராத்ஜே 1973 முதல் டூசான் நகர வீடுகளின் குப்பையைப் பிரித்துப் பார்த்து, மக்கள் குடிப்பதாகச் சொன்ன பீரின் அளவை விடக் குப்பையில் கிடந்த பீர் அதிகம் என்று காட்டினார். இதைப் படிப்பவர்கள் உடனே எட்டும் முடிவு, மக்கள் பொய் சொல்கிறார்கள், குப்பை உண்மை சொல்கிறது என்பது. நான் அந்த முடிவுக்குப் போகமாட்டேன். கடையில் பார்த்ததும் ஓர் இடத்தில் ஒரு நேரத்தில் பார்த்ததுதான்.

ஆகவே மூன்றாவதாக வீடுகளுக்குப் போனோம். நான் பெண் என்பதால் அடுக்களை வரை அனுமதி கிடைத்தது. என் ஆண் சகா கூடத்து நாற்காலியோடு நின்றுபோனார். யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்து எதைப் பார்க்க முடியும் என்பதும் மாறுகிறது. இதை ஆய்வறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பது என் கட்சி. குகைப் பகுதியில் ஒரு வீட்டில், எழுபது வயது தாண்டிய அம்மாள் என்னை “வா கண்ணு” என்று உள்ளே கூப்பிட்டுக் காபி கலக்கத் தொடங்கினார். மேல் தட்டில் இரண்டு எவர்சில்வர் டப்பாக்கள் இருந்தன. அவர் கை பெரிய டப்பாவைத் தொட்டு, பிறகு விலகிச் சின்னதுக்குப் போனது. சின்ன டப்பாவில் இருந்தது சிக்கரி இல்லாத பீபரித் தூள், அதாவது ஒற்றை மணிக் காபிக்கொட்டையின் தூள். பெரியது அன்றாடத்துக்கான கலவை. வந்தவர்களுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. ‘நாங்கள் சிக்கரி சேர்ப்பதில்லை’ என்று குழுவில் சொன்னவர்கள் சின்ன டப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். விருந்தினர் என்ற நிலையில் இருந்த என்னிடம் விருந்தினருக்கான பதிலைத் தந்திருக்கிறார்கள். பின்னர் போன பல வீடுகளிலும், டப்பா இல்லாவிட்டாலும், பொட்டலம் இரண்டாக இருந்தது.

அதே அடுக்களையில் இன்னொன்றையும் பார்த்தேன். அது நான் தேடிப் போனதன்று. ஃபில்டரில் முதலில் இறங்கிய டிகாக்‌ஷனை அந்த அம்மாள் எனக்கும் மகனுக்கும் கலந்தார். அதே தூளின்மேல் மறுபடி கொதிநீர் ஊற்றி மூடி வைத்தார். “அது எதுக்குங்கம்மா?” என்றேன். “அது எனக்கும் மருமகளுக்கும் கண்ணு. மத்தியானத்துக்கு ஆகும்.” சொன்ன தொனியில் வருத்தமோ பெருமையோ இல்லை, மழை பெய்தால் துணி எடுக்க வேண்டும் என்பது போலச் சொன்னார். அன்றிலிருந்து எல்லா வீட்டிலும் இரண்டாம் டிகாக்‌ஷன் எங்கே போகிறது என்று பார்க்கத் தொடங்கினேன். சில வீடுகளில் அது சமைப்பவருக்கு. சில வீடுகளில் வேலைக்கு வரும் அம்மாவுக்கு. பிள்ளைகள் பெரியவர்களான வீடுகளில் அவர்களுக்குப் பால் கூட்டிக் கொடுக்க. அது இறங்கிய பிறகுதான் சக்கை ரோஜாத் தொட்டிக்குப் போகும். வீட்டில் யார் முதல், யார் பிறகு என்ற வரிசையைக் கேள்விகளால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு மாதம் ஆகலாம். ஃபில்டர் அதை ஒரு காலைப்பொழுதில் காட்டிவிடுகிறது.

பாட்டிலில் இரண்டாம் டிகாக்‌ஷன் கிடையாது. எல்லாக் கரண்டியும் ஒரே திடம். கடைக்காரர் இதைப் பாட்டிலின் சிறப்பாகத்தான் எண்ணியிருந்தார். கடைசிச் சொட்டுவரை ஒரே சுவை என்று சீட்டில் அச்சடித்தும் இருந்தார். அடுக்களையில் நின்று பார்த்தால் அது செலவுக் கணக்கில் ஓட்டை. ஒரே தூளை இருமுறை இறக்கிப் பழகியவருக்கு, வேலைக்காரம்மாவுக்கும் மத்தியானக் காபிக்கும் முதல் திடத்தைக் கொடுப்பது மனம் ஒப்பாத காரியம். இதை யாரும் எந்தக் கேள்விக்கும் பதிலாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய செய்தி என்று ஒருவருக்கும் தோன்றியிருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும், பாட்டில் வாங்கும் பெண்ணை மற்றவர்கள் என்னவென்று நினைக்கிறார்கள் என்பது தெரியவில்லை. அதற்கு 1950-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மேசன் ஹேர் செய்த ஒரு சிறு சோதனையைக் கடன் வாங்கினேன். உடனடிக் காபி ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் அமெரிக்கப் பெண்கள் சுவை சரியில்லை என்றார்கள். ஹேர் இரண்டு மளிகைப் பட்டியல்களைத் தயாரித்தார். இரண்டிலும் இறைச்சி, ரொட்டி, கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் ஒன்றே, ஒன்றில் மட்டும் நெஸ்கஃபே உடனடிக் காபி, மற்றதில் மேக்ஸ்வெல் ஹவுஸ் காபித்தூள். ஒவ்வொரு பட்டியலையும் ஐம்பது பெண்களிடம் தனித்தனியாகக் காட்டி, இதை எழுதியவர் எப்படிப்பட்டவர் என்று வருணிக்கச் சொன்னார். நெஸ்கஃபே பட்டியலைப் பார்த்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அவளைச் சோம்பேறி என்றார்கள். மற்றப் பட்டியலுக்கு அந்தச் சொல் அரிதாகவே வந்தது. சுவை என்ற பதிலுக்குப் பின்னால் நல்ல இல்லத்தரசி என்ற கவலை ஒளிந்திருந்தது. 1970-இல் வெளியான மறு ஆய்வில் அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துபோயிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இத்தகைய முடிவுகளுக்கு ஆயுள் உண்டு.

எங்கள் பட்டியலில் துவரம்பருப்பு, உளுந்து, ரவை, வெல்லம், ஜவ்வரிசி (சேலத்துப் பட்டியலில் அது இல்லாமல் எப்படி?) ஆகியவற்றோடு, ஒன்றில் கால் கிலோ காபித்தூள் எண்பதுக்கு இருபது, மற்றதில் டிகாக்‌ஷன் பாட்டில் ஒன்று. சோம்பேறி என்ற சொல் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வந்தவை வேறு. “வேலைக்குப் போற பொண்ணா இருக்கும்ங்க” என்றார்கள். “தனிக்குடித்தனம் போல” என்றார்கள். அம்மாப்பேட்டையில் நெசவுக் குடும்பத்துப் பெண் ஒருவர் பட்டியலை இருமுறை படித்துவிட்டு, “இந்த வீட்ல பெரியவங்க யாரும் இல்லீங்க” என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதில் இகழ்ச்சி இருந்ததா, கொஞ்சம் பொறாமை இருந்ததா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. ஆழ்மனத்தைத் தோண்டி எடுத்துவிட்டதாக மார்தட்டும் ஆய்வறிக்கைகளை நான் ஐயத்தோடுதான் படிப்பேன். வாங்குபவரின் ஆழ்மன நோக்கங்களைத் தேடும் ஆய்வைப் பரப்பிய எர்னஸ்ட் டிக்டர் காலத்திலிருந்து இந்தத் தொழிலைப் பீடித்திருக்கும் நோய் அது. எனவே அந்த வரியைச் சொன்னபடியே அறிக்கையில் எழுதி, விளக்கத்தை விட்டுவிட்டேன்.

ஏற்காட்டுக்குப் போனது கடைக்காரரின் வற்புறுத்தலால். அங்குள்ள கடைகளிலும் பாட்டில் வைக்கலாம் என்பது அவர் எண்ணம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வரும் சுற்றுலாப் பயணிகள் காபித்தூள் வாங்கும் விதம் செவ்வாய்ப்பேட்டைக்கு நேரெதிர். சிக்கரி விகிதத்தை யாரும் கேட்பதில்லை, கேட்பதெல்லாம் “இது இங்கேயே விளைஞ்சதா?” என்பதுதான். 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்த கதையைக் கடைக்காரர்கள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். பயணிகள் தூளோடு மிளகையும் சேர்த்து வாங்கிக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வாங்குவது மலையின் ஞாபகத்தை. அதைப் பாட்டிலிலும் விற்கலாம், ஆனால் அது வேறு வியாபாரம். இந்த ஆய்வில் அதைக் கலக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தால் மக்கள் வேறு மாதிரி நடந்துகொள்வார்கள் அல்லவா என்று கேட்கலாம். நடந்துகொள்வார்கள். இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும், அமெரிக்காவின் ஹாதார்ன் ஆலையில் தொழிலாளர்களைக் கவனித்த சோதனைகள் 1924 முதல் 1932 வரை நடந்தவை. அவற்றின் முடிவுகளைப் பற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அதற்காக ஒளிந்திருந்து பார்ப்பது எனக்கு ஒவ்வாது. கல்லாவருகே அறிவிப்பு ஒட்டினோம், கேமரா வைக்கவில்லை, பெயரோ முகவரியோ குறிப்பேட்டில் ஏறவில்லை. கடையில் முதல் ஒரு மணி நேரம் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு நானும் ஒரு சாக்கு மூட்டை ஆகிவிட்டேன்.

அறிக்கையை வாசித்து முடித்ததும் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, இத்தகைய ஆய்வுகளைச் செய்வோர் எல்லோரும் கேட்டுப் பழகியதுதான்: “இருபது முப்பது வீட்டப் பாத்துட்டு எப்படிங்க மேடம் மொத்த சேலத்துக்கும் சொல்றது?” சொல்ல முடியாது என்றேன். எத்தனை வீட்டில் இரண்டு டப்பா இருக்கிறது என்பதற்கு இந்த ஆய்வில் விடை இல்லை. புதிய வீடுகளுக்குப் போகப் போகப் பழைய விஷயங்களே திரும்ப வரத் தொடங்கும் கட்டத்தில் நேர்காணலை நிறுத்துவது எங்கள் வழக்கம். 2006-இல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரே தன்மையுள்ள குழுவில் முதல் பன்னிரண்டு நேர்காணல்களுக்குள்ளேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன. என்னென்ன வகை இருக்கிறது என்பதற்கு அது போதும். எந்த வகை எவ்வளவு என்பதற்குப் போதாது. அதற்குத்தான் ஐந்து கட்டத் தாள்.

அந்தத் தாளை இப்போது திருத்திக்கொண்டிருக்கிறோம். ‘தயார் டிகாக்‌ஷன் வாங்குவீர்களா’ என்ற கேள்வியை எடுத்தாகிவிட்டது. வீட்டில் எத்தனை வகைத் தூள் இருக்கிறது, விருந்தினர் திடீரென்று வந்தால் எதை எடுக்கிறீர்கள், நேற்று இரண்டாவதாக இறக்கிய டிகாக்‌ஷனை யார் குடித்தார்கள் என்ற மூன்று கேள்விகள் உள்ளே வந்திருக்கின்றன. பாட்டிலைப் பெரிய டப்பாவோடு போட்டியிட விடாமல், சின்ன டப்பாவின் இடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பது என் பரிந்துரை: திடீர் விருந்தினருக்கு, சிறு பாட்டிலில், சிக்கரி இல்லாமல். கடைக்காரருக்கு அதில் பாதி சம்மதந்தான். சின்ன பாட்டிலில் கண்ணாடிச் செலவே பாதி விலையைத் தின்றுவிடும் என்கிறார், அதுவும் நியாயமான பேச்சுதான். கோரிமேட்டிலும் கொண்டலாம்பட்டியிலும் அடுத்த வாரம் தாள்கள் போகின்றன.